எல்லைக் கதவும் இரவுக் கூடாரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனை நிறுத்தி வழி கூறுவது இவ்விலக்கிய வகையின் அமைப்பு. அங்குக் கூறப்படும் புரவலன் புகழ் பலகாலும் பேசப்பட்டது. வழியைப் பற்றிய செய்திகளும் அதற்குக் குறையாத மதிப்புடையன. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் செல்லும் பெருவழி வருகிறது. அவ்வழியில் உல்கு கொள்ளப்படுவதும், வில்லேந்திய வீரர் அதனைக் காப்பதும் கூறப்படுகின்றன. மலைபடுகடாம் வழுக்கும் இடத்தையும் பாம்பு உறையும் குழியையும் சுட்டிக்காட்டி, இருட்டிவிட்டால் நடையை நிறுத்திக் குகையில் தங்குமாறு அறிவுறுத்துகிறது. ஆக, வழிச்செல்வோன் அறியவேண்டியவை இரண்டு. காவலனுக்கு என்ன விடை கூறுவது? இரவை எங்கே கழிப்பது?

இவ்விரண்டு வினாக்களும் இன்றும் பயணியின் முன் நேராக வந்து நிற்கும் நிலப்பகுதி ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்காவின் தென்கோடி. கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரமும், தண்ணீர்க் கலங்களும், விறகும், சமையற் கருவிகளும் கொண்ட வண்டியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, நமீபியா, போட்சுவானா, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய நாடுகளைத் தரைவழியே சுற்றிவரும் பயணம் இப்போது பலராலும் மேற்கொள்ளப்படுகிறது. பகலில் எல்லைச் சாவடி, இரவில் கூடாரம் என்று அப்பயணம் அமைகிறது. எல்லையைக் கடப்பதால் மட்டும் எல்லை விளங்கிவிடுவதில்லை. அந்த நிலத்தில் இரவு தங்கியவர்க்கே அது விளங்கும் என்பதே இவ்வுரையின் கருத்து.

கோடு வரைந்த கை

1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஒரு மாநாடு நடந்தது. ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவில் தம் உரிமைகளைப் பற்றிப் பேசி முடிவு செய்த அவ்வவையில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இடம்பெறவில்லை. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் வரைபடத்தின்மீது அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள் பல. அவற்றுள் ஒன்றின் விளைவை நமீபியாவின் வடகிழக்கு மூலையில் வண்டி ஓட்டுபவர் கண்ணாரக் காணலாம். நாட்டின் உடலிலிருந்து நீண்டு கிழக்கே செல்லும் ஒரு விரல் போல, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய நிலத்துண்டு அது. 1890 ஜூலையில் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இத்துண்டு ஜெர்மனிக்குக் கிடைத்தது. சாம்பெசி ஆற்றை அடைய ஒரு வழி வேண்டும் என்பது ஜெர்மனியின் நோக்கம். ஆற்றை அடைந்தார்கள். ஆயின், அங்கிருந்து கீழ்நோக்கிச் செல்லும் படகுக்கு 108 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் விக்டோரியா அருவி காத்திருந்தது. அருவியைத் தம் மொழியில் 'இடியாய் முழங்கும் புகை' என்று அழைத்த மக்களைக் கேட்டிருந்தால், படகு செல்லாது என்று அவர்களே சொல்லியிருப்பர்.

அத்துண்டுக்கு அன்றைய ஜெர்மானிய வேந்தவை அமைச்சர் கப்ரிவியின் பெயர் இடப்பட்டது. 2013இல் அப்பகுதியின் பெயர் சாம்பெசி என்று மாற்றப்பட்டது. பெயர் மாறினும் வடிவம் மாறவில்லை. அங்கோலா உள்நாட்டுப் போரின் இறுதியாண்டுகளில் இத்துண்டின் சாலையில் வண்டிகள் படைத்துணையோடு அணியாகவே செல்ல நேர்ந்தது. இன்று அதே சாலையில், யானை குறுக்கிடும் என்று எச்சரிக்கும் பலகைகளைப் பார்த்து ஓட்டுநர் விரைவைக் குறைக்கிறார்.

மற்றொரு கோடு நமீபியாவின் தெற்கே, ஆரஞ்சு ஆற்றில் உள்ளது. அதே 1890 உடன்படிக்கை, எல்லையை ஆற்றின் நடுவே வையாது வடகரையில் வைத்தது. எனவே வடகரையில் கூடாரம் அடித்த பயணி, காலை எழுந்து முகம் கழுவ நீரில் இறங்கினால், அக்கோட்டின்படி அவர் தென்னாப்பிரிக்காவுக்குள் நிற்கிறார். 1990இல் விடுதலை பெற்ற நமீபியா, தன் எல்லை ஆற்றின் நடுவரை செல்வதாக அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டது. நீரருகே இரவு தங்கியவர்க்குத்தான் இவ்வழக்கின் பொருள் விளங்கும். ஆடுமாடு நீர் குடிக்கும் கரை ஒரு நாட்டிலும், குடிக்கும் நீர் வேறொரு நாட்டிலும் இருக்க இயலுமா என்பதே அங்குள்ள வினா.

கப்ரிவித் துண்டு முடியும் இடத்தில் சோபே ஆறு சாம்பெசியோடு கலக்கிறது. நமீபியா, போட்சுவானா, சாம்பியா, சிம்பாப்வே என்னும் நான்கு நாடுகளும் ஏறத்தாழ ஒரு புள்ளியில் நெருங்கும் கசுங்குலா அங்கே உள்ளது. போட்சுவானாவும் சாம்பியாவும் தொட்டுக்கொள்ளும் எல்லை ஏறத்தாழ 150 மீட்டர் மட்டுமே. நெடுங்காலம் மிதவைப் படகுகளே அங்கு வண்டிகளை அக்கரை சேர்த்தன. சரக்கு வண்டிகள் நாட்கணக்கில் கரையிலே காத்துக் கிடந்தன. 2021 மே 10இல் 923 மீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. அப்பாலம் நேராக இல்லை. சிம்பாப்வேயின் எல்லைக்குள் புகாமல் வளைந்து செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று பல்லாயிரம் டன் கற்காரையையும் எஃகையும் வளைத்துவிட்டது. கோட்டுக்கு வலிமை உண்டா என்று ஐயுறுவோர் அப்பாலத்தில் ஒருமுறை சென்றுவந்தால் போதும்.

கதவில் கேட்கப்படுவது

எல்லைச் சாவடியில் நிகழ்வன எவ்வகையிலும் கவிதைக்கு உரியனவாகத் தோன்றா. ஒரு நாட்டின் அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை. இடைப்பட்ட ஆளற்ற நிலத்தில் சிறிது தூரம். அடுத்த நாட்டின் அலுவலகத்தில் நுழைவு முத்திரை. வண்டி யாருடையது, பொறி எண் என்ன, வாடகை வண்டியாயின் உரிமையாளர் ஒப்புதல் எங்கே என்று வினாக்கள் எழும். தென்னாப்பிரிக்கா, போட்சுவானா, நமீபியா, லெசோத்தோ, இன்று எஸ்வாட்டினி எனப்படும் சுவாசிலாந்து ஆகிய ஐந்தும் 1910இல் தோன்றிய ஒரே சுங்க ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அவற்றுக்கிடையே தாள்கள் குறைவு. சாம்பியாவிலோ சிம்பாப்வேயிலோ நுழையும்போது வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி, காப்புறுதி, சாலை வரி என்று சாளரம் சாளரமாக நிற்கவேண்டும். இறுதியில் ஒரு சிறு சீட்டில் எல்லா முத்திரைகளும் விழுந்திருந்தால்தான் வாயிற்காவலர் தடையை உயர்த்துவார்.

சிறிய சாவடிகள் பல மாலையிலேயே மூடப்பட்டுவிடும். பிந்தி வந்தவர் இப்பக்கமே தங்கவேண்டியதுதான். இருளில் ஓட்டிச்சென்று இழந்த நேரத்தை ஈடுசெய்யலாம் என்று அனுபவமுள்ளவர் எண்ணார். சாலையில் மாடும் கழுதையும் படுத்திருக்கும், யானை நிற்கும். மலைபடுகடாம் கூறிய அறிவுரை அங்கு இன்றும் பழைதாகவில்லை.

நாட்டெல்லைகளோடு வேறு கோடுகளும் உள்ளன. 1896-97இல் மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது ஜெர்மானிய ஆட்சி வகுத்த தடுப்புக்கோடு, பின்னர் நமீபியாவைக் குறுக்கே வெட்டும் கால்நடை வேலியாக வளர்ந்தது. வேலிக்கு வடக்கே உள்ளவர்களின் மாடு தெற்கே விலைபோவதற்கு இன்றும் கட்டுப்பாடு உண்டு. போட்சுவானாவிலும் கோமாரி நோயைத் தடுக்க வேலிகள் பல எழுந்தன. வண்டியை நிறுத்திக் குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொல்லும் காவலர், சமைக்காத இறைச்சி இருப்பின் எடுத்துக்கொள்வார். பயணி தம் காலணியை மருந்துநீரில் தோய்த்து எடுக்கவேண்டும். பயணிக்கு அன்றைய இரவு உணவு போயிற்று என்பதோடு முடியும் இச்செய்தி, விலங்குக்கு அவ்வளவில் முடியவில்லை. 1958இல் எழுந்த கூக்கே வேலியும் அதன் பின் வந்தவையும் நீர் தேடி இடம்பெயரும் விலங்குகளின் வழியை மறித்தன. வறட்சி ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான காட்டுமாடுகள் மடிந்தன.

மனிதருக்கும் அவ்வாறே. தென்னாப்பிரிக்காவையும் சிம்பாப்வேயையும் இணைக்கும் பெய்ட்பிரிட்ஜில், கையில் கடவுச்சீட்டோடு வரிசையில் நிற்பவர் வெயிலை நொந்துகொள்கிறார். அதே பாலத்திலிருந்து சற்றுத் தொலைவில், லிம்போபோ ஆற்றின் மணலில், வேலை தேடிச் செல்வோர் மூட்டையைத் தலையில் வைத்து ஆற்றைக் கடக்கின்றனர். வறட்சிக் காலத்தில் அது மணல்வெளி. மழைக்காலத்தில் வெள்ளமும் முதலையும் உண்டு. 2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தென்னாப்பிரிக்க அரசு அங்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேலி அமைத்தது. சில வாரங்களுக்குள் அது பல இடங்களில் அறுபட்டுக் கிடந்தது. ஆறு ஒன்றே, எல்லையும் ஒன்றே. ஒருவரிடம் அது தாளைக் கேட்கிறது. மற்றவரிடம் உயிரைப் பணயமாகக் கேட்கிறது. பாலத்தின்மேல் செல்லும் பயணக் கட்டுரையாளர் பாலத்தின்கீழ் பார்க்காமல் எழுதினால், அக்கட்டுரை பாதி வழியையே கூறியதாகும்.

இரவு கற்பிப்பது

பயணிக்கு எல்லையின் மறுபக்கம் தெரிவது இரவில். தென்னாப்பிரிக்காவும் போட்சுவானாவும் தம் பாலைநிலப் பூங்காக்கள் இரண்டையும் ஒன்றாக்கி, 2000 மே மாதத்தில் கலகாடி எல்லைகடந்த பூங்காவைத் திறந்தன. ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவில், நொசொப் என்னும் வறண்ட ஆற்றின் படுகையே இரு நாட்டு எல்லை. அங்கு வேலி இல்லை. எல்லையைக் குறிக்கும் கற்கள் மட்டும் உண்டு. சிங்கம் ஒரு நாட்டில் வேட்டையாடி மறுநாட்டில் உறங்கும்.

இப்பூங்காவில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டின் வாயிலில் நுழைந்து வேறொரு நாட்டின் வாயிலில் வெளியேற விரும்புவோர், குறைந்தது இரண்டு இரவுகள் உள்ளே தங்கியாகவேண்டும். பூங்காவைக் குறுக்குவழியாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே விதியின் நோக்கம். அதனை வகுத்த அலுவலர்கள் கவிதையை எண்ணியிருக்கமாட்டார்கள். எனினும் எல்லை கடப்பதற்குக் கட்டணத்தோடு இரண்டு இரவுகளையும் கேட்கும் ஒரு கதவு உலகில் இருக்கிறது என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

போட்சுவானாப் பக்கத்துத் தங்கிடங்களுக்குச் சுற்றுவேலி கிடையாது. மரத்தால் ஆன ஒரு நிழற்கூரையும், சுற்றிலும் மணலும் புல்லும் மட்டுமே இருக்கும். கதிரவன் சாயும் வேளையில் பல்லியினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் வளைவாயிலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கும். அவ்வொலி ஓயும்போது நரியின் ஊளை கேட்கும். பயணி விறகை மூட்டி உண்டு, உணவின் எச்சம் எதுவும் வெளியே இராதவாறு எடுத்துவைத்து, ஏணி வழியே கூரைமேல் உள்ள கூடாரத்துக்கு ஏறிவிடவேண்டும். விடியும்வரை இறங்கலாகாது. குளிர்கால இரவுகளில் கலத்திலுள்ள நீர் உறைந்துபோவதும் உண்டு. இருளில் கீழே நடந்துசென்றது எது என்பதை மறுநாள் காலை மணலில் பதிந்த அடிச்சுவட்டைப் பார்த்தே அறியலாம். பகலில் காவலனிடம் தம் பெயர், நாடு, வண்டி எண் அனைத்தையும் எழுதிக்கொடுத்தவர், இரவில் அவை எதனையும் பொருட்படுத்தாத ஒன்றின் வழியில் படுத்திருக்கிறார். அந்த நிலத்தில் விருந்தினர் யார் என்பது அப்போது விளங்குகிறது.

விருந்தினரல்லாத மக்களும் அங்கு உண்டு. தென்னாப்பிரிக்கப் பக்கத்துப் பூங்கா 1931இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளில், வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் அங்கு வாழ்ந்துவந்த சான் மக்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். இரு பூங்காக்களும் ஒன்றான காலத்தை ஒட்டி, 1999இல், கொமானி சான் மக்களின் நிலவுரிமை ஏற்கப்பட்டு, அவர்களிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டது. இழந்த தலைமுறைகளை எவ்வாணையும் மீட்டுத்தர இயலாது.

அப்பகுதிக்குத் தெற்கே வாழ்ந்த மற்றொரு சான் கூட்டத்தாரின் கதைகளை 1870களில் கேப்டவுனில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் எழுதிவைத்தனர். கதை சொன்னவர்களுள் பலர் சிறைக் கைதிகளாக அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அம்மொழியைப் பேசுவோர் இன்று இல்லை. அக்கதைகளுள் ஒன்றில், ஆதிகாலத்துப் பெண் ஒருத்தி அடுப்புச் சாம்பலைக் கையில் அள்ளி வானத்தில் வீசுகிறாள். அது பால்வழியாக ஒளிர்கிறது. வேட்டைக்குப் போனவர்கள் இருளில் வீட்டுக்கு வழி காணவேண்டும் என்பதற்காகவே அவள் அவ்வாறு செய்தாள். ஆற்றுப்படைக்கு உறவான கற்பனை அல்லவா இது! கலகாரி வானத்தின்கீழ் படுத்திருப்பவர்க்கு, மேலே பரந்திருப்பது யாரோ ஒருத்தி மற்றவர்க்காக ஏற்றிவைத்த வழிவிளக்கு.

கூடாரமின்றித் தங்கியவர்கள்

இதுவரை கூறியவை விரும்பிச் செல்வோரின் பயணம். அதே மண்ணில், எல்லை கடந்து வெட்டவெளியில் இரவு தங்கிய பயணம் ஒன்று தமிழருக்கும் உரியது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்கை நோக்கி நியூகாசில் வழியாக வண்டி ஓட்டுபவர், சார்லஸ்டவுனையும் வோக்ஸ்ரஸ்டையும் சில நிமிடங்களில் கடந்துவிடுவார். அவரை யாரும் நிறுத்தமாட்டார்கள். 1913இல் அங்கே இந்தியருக்கு ஒரு கதவு இருந்தது. நேட்டாலும் டிரான்ஸ்வாலும் 1910இலேயே ஒரே ஒன்றியத்தின் மாகாணங்களாகிவிட்டன. ஆயினும் இந்தியர் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுமதியின்றிச் செல்வது குற்றம்.

1860 நவம்பர் 16இல் டுரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பனில் இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கே தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்தவேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. இவ்வரிக்கும், இந்தியத் திருமணங்களைச் செல்லாதனவாக்கிய தீர்ப்புக்கும் எதிராக 1913இல் காந்தியடிகள் தலைமையில் போராட்டம் எழுந்தது. டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதியின்றி எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடியிருப்புகளில் விளக்கும் நீரும் நிறுத்தப்பட்டன. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினர். நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுன் வரையான நடையிலேயே இரண்டு தாய்மாரின் கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும். மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. அத்தாய்மார் திரும்பவில்லை.

1913 நவம்பர் 6ஆம் நாள் காலை 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்டு எல்லையைக் கடந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் சிறிதளவு சர்க்கரையும் உணவு. முதல் இரவு பாம்ஃபோர்டில் திறந்தவெளியில் கழிந்தது. அங்கே இரவில் காந்தியடிகளைக் காவலர் கைது செய்தனர். மக்கள் காலையில் எழுந்து நடந்தனர். நவம்பர் 10இல் பால்ஃபோரில் அவர்களை நிறுத்தித் தொடர்வண்டிகளில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினர். அப்போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் மறைந்தார், வயது 16. அவ்வாண்டே மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

வோக்ஸ்ரஸ்டில் இன்று கதவில்லை. நிற்காமல் செல்லும் வண்டிக்கு அங்கே கடப்பதற்கு எதுவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் அப்புல்வெளியில் ஓர் இரவு தங்கி, பனி விழும் தரையில் முதுகை வைத்துப் படுத்தவர், திறந்தவெளியில் கிடந்த 127 பெண்களின் எல்லை எத்தகையது என்பதைச் சிறிதேனும் உணர்வார்.

இனிச் செய்யத்தக்கது

சோபேயும் சாம்பெசியும் கூடும் பகுதியைச் சூழ்ந்த ஐந்து நாடுகள் 2011இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, ஏறத்தாழ 5,20,000 சதுர கிலோமீட்டர் பரப்பை எல்லைகடந்த காப்பகமாக அறிவித்தன. 2022இல் அங்கு எடுத்த கணக்கில் யானைகள் ஏறத்தாழ 2,27,900. ஐந்து அரசுகளும் யானைக்கு முத்திரையிடாமல் வழிவிட முயல்கின்றன. லிம்போபோ மணலில் நடப்பவருக்கு அத்தகைய உடன்படிக்கை ஒன்றும் இல்லை. இம்முரணைத் தீர்ப்பது கவிஞரின் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. அதைப் பார்த்துச் சொல்வது அவரது கடமை.

தமிழில் இன்று பயண நூல்கள் பெருகியுள்ளன. கண்ட காட்சியும் உண்ட உணவும் பெற்ற வியப்பும் அவற்றில் நிறைய உண்டு. ஆற்றுப்படை கூறியவன் தன் வியப்பைக் காட்டுவதற்காக வழியில் நிற்கவில்லை. பின்னால் ஒருவன் பசியோடு வருகிறான் என்பதனாலேயே நின்றான். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இத்தகைய எழுத்துகள் மலரவேண்டும். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது, இரவில் எங்கே தண்ணீர் கிடைக்கும், முன்பு அங்கே கிடந்தவர் யார் என்பவற்றைப் பின்வருவோருக்குச் சொல்லும் எழுத்துகளாக அவை அமையவேண்டும். விடியலில் கூடாரத்தை மடிக்கும் பயணி, அணைந்த அடுப்பின் சாம்பலை மணலிட்டு மூடிவிட்டுச் செல்கிறார். அதில் ஒரு பிடியை அள்ளி வானத்தில் வீசியவளின் வேலையே கவிஞரின் வேலையும்.